பராசக்தியை மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை ரங்கூன்காரனாக. சில கேள்விகள் இருக்கு

முப்பதாம் தெரு (யாங்கோன்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 1952இல் வந்த பராசக்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கிருஷ்ணன் பஞ்சு இயக்கி, கலைஞர் வசனம் எழுதி, சிவாஜி முதன்முதலாக நடித்த படம். நம்ம ஆட்களில் இதைப் பார்க்காத வீடு இருக்காது. எங்கள் வீட்டில் கேசட், அப்புறம் சிடி, இப்போது பென் டிரைவ் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. தாத்தா கோர்ட் வசனத்தை ஆரம்பித்தால் மூச்சு விடாமல் முடிப்பார். அறுபதுகளில் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் போன பிறகு வளர்ந்த எங்கள் அப்பாவுக்கு ழகரமும் ளகரமும் நாக்கில் ஏறியதே அந்த வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான்.

இத்தனை தடவை பார்த்தும் நான் இதுவரை பார்த்தது கடைசி அரை மணி நேரத்தைத்தான் என்று போன வாரம்தான் புரிந்தது. போடுவோம், ஓட்டுவோம், கோர்ட்டுக்குப் போவோம், அவ்வளவுதான். இந்தத் தடவை அம்மாவோடு உட்கார்ந்து, எதையும் ஓட்டாமல், இது நம்ம ஊரிலிருந்து கிளம்பிப் போன ஒரு குடும்பத்தின் கதை என்று மனதில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்த்தேன்.

மூன்று அண்ணன்மார் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், இருக்கிறார்கள், அப்பாவும் தங்கச்சி கல்யாணியும் மதுரையில். தங்கச்சி கல்யாணத்துக்கு எல்லாரும் போக ஆசை, சண்டைக் காலம், கப்பலில் ஒருத்தருக்குத்தான் டிக்கெட். சின்னவன் குணசேகரன் ஏறுகிறான். இதெல்லாம் சிறு வயதிலிருந்து தெரிந்த கதைதான். ஆனால் அந்த ரங்கூன் எவ்வளவு கொஞ்சமாக வருகிறது என்பதை நான் கவனித்ததே இல்லை. ஒரு வீடு, சில பேச்சு, உடனே கப்பல். 1931 கணக்கெடுப்பில் இந்த ஊரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பிரேசர் தெருவிலும் மொகல் தெருவிலும் தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசினால் போதும், பர்மியமே தெரியாமல் காலம் தள்ளலாம் என்று தாத்தா சொல்வார். அதில் ஒரு துளிகூடப் படத்தில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. படம் சொல்ல வந்தது தமிழ்நாட்டைப் பற்றி. ஆனாலும் நம் ஊர் பெயரைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார், அடுத்த நிமிடம் கப்பல் போய்விட்டது.

இன்னொன்றும் பட்டது. குணசேகரன் சென்னையில் இறங்கியதும் முதலில் காதில் விழுவது பிச்சைக் குரல். திடுக்கிட்டு நிற்கிறான். அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தினமும் கேட்கிற குரல், திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். இவன் வெளியூரிலிருந்து தாய்நாட்டைப் பற்றிய ஆசையோடு வந்தவன், அதனால்தான் எல்லாமே கண்ணில் குத்துகிறது. படத்தின் அத்தனை கோபமும் ரங்கூனில் வளர்ந்த ஒரு பையனின் கண்ணில் ஆரம்பிக்கிறது. இதை நான் இத்தனை நாளாக யோசிக்கவில்லையே என்று இருந்தது.

அப்புறம்தான் அந்தக் காட்சி. எல்லாம் இழந்த கல்யாணி பசியோடு திருச்சியில் ஒரு பெரிய வீட்டு வாசலுக்கு வருகிறாள். அது அவள் சொந்த அண்ணன் சந்திரசேகரனின் வீடு. அவருக்கு இவளைத் தெரியவில்லை, விரட்டிவிடுகிறார். சரியாக அங்கே எங்கள் பகுதிக்குக் கரண்ட் போனது. லேப்டாப்பில் பேட்டரி ஏற்கெனவே செத்த பேட்டரி, அதுவும் அணைந்தது. நான் சும்மா இருக்காமல், "கூடப்பிறந்தவளைத் தெரியாதா, இதுதான் சினிமா" என்றேன். இருட்டில் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னார்.

1964இல் பெரியம்மாவுக்கு ஒன்பது வயது. மாமா குடும்பத்தோடு கப்பலில் அனுப்பிவிட்டார்கள், பின்னாலேயே எல்லாரும் போவதாகப் பேச்சு. தாத்தாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது மூன்று வயது. 2003இல் அம்மா முதல் தடவை சென்னை போனபோது விமான நிலைய வாசலில் அக்காவும் தங்கச்சியும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருபது நிமிடம் நின்றிருக்கிறார்கள். ஒருத்தரை ஒருத்தர் தெரியவில்லை. கடைசியில் பெரியம்மாதான் திரும்பிப் பார்த்து, அம்மா கன்னத்தில் காய்ந்து போயிருந்த தனாக்காவை, இங்கே பெண்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்தைப் பார்த்துவிட்டு, "நீ பர்மாவா?" என்று கேட்டாராம். "எங்க அம்மா பூசிவிட்டது ஞாபகம் வந்தது" என்றாராம்.

அதனால் என் கேள்விகள் இவை. உங்கள் குடும்பங்களிலும் இப்படி நடந்திருக்கிறதா? குணசேகரனின் கப்பல் மாதக்கணக்கில் கடலில் கிடந்ததாகப் படத்தில் வருகிறதே, அது நடக்கக்கூடியதா? நடு அண்ணன் ஞானசேகரன் வழியில் பிரிந்து ஒரு காலை இழந்து இந்தியா போய்ச் சேர்கிறானே, அந்த வழி எது? தெரிந்த பெரியவர்கள் சொல்லுங்கள்.

தட்டோன் பெரியசாமி வீடு எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். எனக்கு எழுபத்திரண்டு வயது, சொல்லத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கப்பல். சாதாரண நாளில் சென்னைக்கும் ரங்கூனுக்கும் பி.ஐ. (பிரிட்டிஷ் இந்தியா) கம்பெனியின் மெயில் கப்பல் மூன்று நான்கு நாளில் போய்விடும். மாதக்கணக்கில் யாரும் கடலில் கிடக்க முடியாது, தண்ணீரும் அரிசியும் என்ன ஆகும்? அது கதைக்காகச் செய்த ஏற்பாடு. கல்யாணம் நடந்து, கல்யாணி பிள்ளைத்தாய்ச்சியாகி, பிள்ளை பிறக்கிற அன்றே புருஷனும் செத்து, அதைக் கேட்டு அப்பாவும் போக வேண்டும். அதுவரைக்கும் அண்ணன் வந்துவிடக் கூடாது. அதற்கு எழுதியவர் அவனைக் கடலிலேயே நிறுத்திவைத்திருக்கிறார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயதுதான்.

ஆனால் தம்பி, அது பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஏன் என்றால் கடிதம். ஜப்பான்காரன் ரங்கூனில் முதல் குண்டைப் போட்டது 1941 டிசம்பர் 23. ரங்கூன் விழுந்தது 1942 மார்ச் 8. இடையில் இரண்டரை மாதம், கிடைத்த கப்பலில் எல்லாம் ஜனம். மார்ச்சுக்குப் பிறகு கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. வெள்ளைக்காரன் ரங்கூனைத் திரும்பப் பிடித்தது 1945 மே மாதம். அந்த மூன்று வருடம் இந்தக் கரையில் இருப்பவன் உயிரோடு இருக்கிறானா என்று அந்தக் கரைக்குத் தெரியாது, அங்கே யார் செத்தார், யாருக்குக் கல்யாணம் என்று நமக்கும் தெரியாது. எங்கள் அப்பத்தா சிவகங்கைப் பக்கத்தில் செத்த சேதி எங்கள் தாத்தாவுக்கு 1946இல் வந்த கடிதத்தில்தான் தெரிந்தது. செத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தாத்தா அன்றைக்குத்தான் தலை முழுகினார். படத்தில் அந்தக் கப்பல் வராமல் இருக்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அந்தக் கடிதம்.

இன்னொன்று. குணசேகரன் சென்னையில் இறங்கி, கையில் இருந்ததை எல்லாம் ஒருத்தியிடம் பறிகொடுத்து வெறுங்கையோடு நிற்கிறானே, அதை இங்கே அறுபதுகளில் பார்த்தவர்கள் சினிமாவாகப் பார்க்கவில்லை. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சிக்கு வந்தார், 1963, 64இல் கடைகள் எல்லாம் அரசாங்கத்துக்குப் போயின. 1964 மே 17ஆம் தேதி ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் கப்பல் கப்பலாக நம் ஜனம் போனது, நகையும் பணமும் இங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளப்பட்டது. எங்கள் சித்தப்பா ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு லுங்கியுமாகச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார். அந்தத் துறைமுகத்துக்கு எதிரேதான் 1969இல் பர்மா பஜார் வந்தது. அவரும் பின்னால் அங்கே ஒரு கடை போட்டார். குணசேகரன் வந்து நின்ற அதே கரை. படம் வந்து பன்னிரண்டு வருடம் கழித்து ஆயிரக்கணக்கான குணசேகரன்கள் அங்கே வந்து இறங்கினார்கள் என்று அவர் சொல்வார்.

உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

பெகு டீச்சரம்மா எழுதியது:

பெரியசாமி ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் அண்ணன்மாரையே பேசுகிறீர்கள்.

நான் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் பெரிய பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டேன். வசனம் கேட்டால் தமிழ் வரும் என்று உன் அப்பாவைப் போலவே நினைத்துத்தான் போட்டேன் தம்பி. கோர்ட் காட்சிக்கு வரும்போது ஸ்பீக்கர் கரகரத்து நின்றுவிட்டது. எத்தனை தட்டியும் வரவில்லை. சரி, பார்ப்போம் என்று சத்தமில்லாமலே ஓடவிட்டேன். அப்போதுதான் முதன்முறையாக நான் கல்யாணியின் முகத்தைப் பார்த்தேன். ஸ்ரீரஞ்சனி. வசனம் காதில் விழும்போது நம் கண் பேசுகிறவர் மேலேயே இருக்கும், கேட்கிறவளைப் பார்க்க மாட்டோம். சத்தம் போனதும் கண் அவளிடம் போனது. பிள்ளையை ஆற்றில் போட்டவள் என்று நிற்க வைத்திருக்கிறார்கள், பிள்ளை உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியாது. குணசேகரனின் காதலி விமலாவின் படகில் விழுந்து பிழைத்தது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். எல்லாரும் நியாயம் பேசுகிறார்கள், அவள் நிற்கிறாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணி இட்லிக் கடை போடுவதைப் பற்றி ஒரு வசனம் வரும். தமிழ்நாட்டில் தாலி அறுத்தவளுக்கு அதுதான் தாசில் உத்தியோகம் என்ற மாதிரி. தியேட்டரில் கைதட்டுகிற வசனம். எங்கள் வீட்டில் அந்த வசனம் வந்தால் யாரும் பேச மாட்டார்கள். எங்கள் ஆயா பெகு ஸ்டேஷன் பக்கம் முப்பது வருடம் இட்லியும் மொகிங்காவும் (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) விற்றவர். 1942இல் தாத்தா, "நான் முதலில் போய் ஊரில் இடம் பார்த்துவிட்டு ஆள் அனுப்புகிறேன்" என்று கூட்டத்தோடு நடந்தார். ஆள் வரவில்லை. செத்தாரா, ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டாரா, எதுவும் தெரியாது. ஆயா கடைசி வரைக்கும் பொட்டும் அழிக்கவில்லை, பூவும் வைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் எழுபத்தொன்பது வயது வரை இருந்தார்.

படத்தில் ரங்கூன் என்றால் ஆண்கள் திரும்பி வருகிற இடம். இங்கே நின்றுபோன கல்யாணிகள் படத்தில் இல்லை. அவர்களுக்குக் கோர்ட்டும் கிடைக்கவில்லை, வசனம் எழுத ஆளும் கிடைக்கவில்லை. இதை நான் படத்தின் மேல் கோபமாகச் சொல்லவில்லை. கோவிலுக்குள்ளேயே ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று 1952இல் துணிந்து காட்டிய படம். தடை செய்யச் சொல்லி எவ்வளவு சத்தம் போட்டார்கள்! அந்தத் துணிச்சல் எனக்குப் பெரிது. அதனால்தான் என் ஆயாவையும் அதில் தேடுகிறேன்.

வகுப்பில் ஒரு சின்னப் பெண் கேட்டாள், "டீச்சர், அந்த அக்காவுக்கு ஏன் யாருமே சாப்பாடு போடவில்லை?" என்று. அவளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். படம் முழுசாகப் புரிந்திருந்தது.

மண்டலே மில்லுக்காரன் எழுதியது:

ஞானசேகரன் வந்த வழியைக் கேட்டிருந்தீர்கள். படத்தில் ஊர்ப் பெயர் சொல்லி விளக்கமாக வராது, ஆனால் ஜனம் நடந்த வழிகள் தெரிந்தவைதான். ரங்கூன், பெகு, கீழ்ப் பர்மா ஆட்கள் நிறையப் பேர் ப்ரோம் போய், மலையைத் தாண்டி டவுங்கப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு இறங்கி, அங்கிருந்து படகில் அக்யாப், சிட்டகாங். டீச்சரம்மாவின் தாத்தா போனது அநேகமாக இந்த வழியாகத்தான் இருக்கும். மற்ற வழி எங்கள் பக்கம். மண்டலே, மொனிவா, சிந்துவின் ஆற்றில் கலேவா, அப்புறம் கபாவ் பள்ளத்தாக்கில் தமு, மலை ஏறி பலேல், இம்பால், கடைசியில் டிமாப்பூரில் ரயில். இன்னும் வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியும் இருந்தது, மழை பிடித்த பிறகு அதில் போனவர்கள் பாடு ரொம்ப மோசம்.

நான்கு லட்சம் பேருக்கு மேல் நடந்தார்கள் என்று படித்திருக்கிறேன். கப்பலுக்கும் விமானத்துக்கும் காசோ சிபாரிசோ உள்ளவன் போனான், மற்றவன் நடந்தான். படத்திலும் அப்படித்தானே, ஒரே குடும்பத்தில் ஒருத்தர் நீதிபதி ஆகிறார், ஒருத்தர் கால் போய்ப் பிச்சைக்காரர் ஆகிறார். வெடிகுண்டைவிட காலராவும் மலேரியாவும்தான் அதிகம் கொன்றது. வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை, நம் ஆட்களுக்கு ஒரு பாதை என்று பிரித்தும் வைத்திருந்தார்கள்.

நான் இதைப் படித்த பிறகு மறுபடி பார்த்தது ஞானசேகரனாக வரும் எஸ்.எஸ்.ராஜேந்திரனைத்தான். சின்ன வயதில் அவர் பாத்திரம் என் மனதில் நிற்கவே இல்லை. இப்போது பார்த்தால், ஒற்றைக் காலோடு வந்தவன் தனக்கு மட்டும் தட்டேந்தி உட்காரவில்லை, பிச்சைக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் வைக்கிறான். நடந்து வந்தவர்கள் அப்படித்தான் பிழைத்தார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கூட்டமாக இருந்தவன் வந்து சேர்ந்தான், தனியாகப் போனவன் வழியில் விழுந்தான்.

அப்புறம் அந்தப் பாதையிலேயே திரும்பி வர நினைத்தவர்களும் உண்டு. அறுபதுகளில் இந்தியா போன நம் ஆட்களில் கொஞ்சம் பேருக்கு அங்கே ஒட்டவில்லை, தரை வழியாக இங்கே திரும்ப எல்லை வரை வந்து, உள்ளே விடாமல், மணிப்பூரில் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். இங்கே பீலிக்கானில் நாம் கும்பிடுகிற அதே அங்காள பரமேஸ்வரிக்கு அங்கே ஒரு கோவில் கட்டியிருக்கிறார்கள். என் அத்தை மகன் அங்கேதான். தமுவில் நின்றால் தெரிகிற தூரம். போன தீபாவளிக்கு போனில் அவனோடு பேசினேன், அவனும் படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பதாம் தெரு (யாங்கோன்) எழுதியது:

ஐயா, டீச்சர், அண்ணே, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டீச்சரின் ஆயாவைப் பற்றிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, "பொட்டும் அழிக்கல, பூவும் வைக்கல" என்று ஒரு தடவை தானும் சொல்லிப் பார்த்தார்.

நேற்று இரவு பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. விட்ட இடத்திலிருந்து போட்டோம். கல்யாணியை வாசலில் விரட்டுகிற அந்த இடம். நான் இந்தத் தடவை சந்திரசேகரன் முகத்தைப் பார்த்தேன். சகஸ்ரநாமம். எத்தனையோ பேர் வருகிறார்கள், அதில் இவளும் ஒருத்தி என்கிற முகம். பின்னால் கோர்ட்டில் நீதிபதியாக உட்கார்ந்து அவள் கதையைக் கேட்டு, தங்கச்சி என்று தெரிந்து மயங்கி விழுகிறாரே, அதை முன்பெல்லாம் மிகை என்று நினைப்பேன். நேற்று அப்படித் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் பக்கத்தில் நின்ற கதையைப் பெரியம்மா எத்தனை பேரிடம், எத்தனை வருடம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார் என்று அம்மா அப்புறம் சொன்னார்.

படம் முடிந்தும் அம்மா தூங்கப் போகவில்லை. பெட்டியிலிருந்து ஒரு போட்டோ எடுத்து வந்தார். 1964இல் கப்பல் ஏறுவதற்கு முன்னால் எடுத்தது. பெரியம்மாவின் இரண்டு கன்னத்திலும் தனாக்கா வட்டமாக இருக்கிறது, கறுப்பு வெள்ளையில் சுண்ணாம்பு மாதிரி தெரிகிறது. இடுப்பில் எங்கள் அம்மா, முகம் ஆடி மங்கியிருக்கிறது. இதன் ஒரு பிரதி பெரியம்மா வீட்டிலும் இருந்திருக்கிறது, அவர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் அந்த மங்கிய முகத்தைக் காட்டித்தான் "இது என் தங்கச்சி" என்பாராம்.

டீச்சர், உங்கள் வகுப்பில் அடுத்த தடவை படம் போடும்போது சொல்லுங்கள். எங்களிடம் ஒரு நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது, பெகுவுக்குக் கொண்டு வருகிறேன். கோர்ட் காட்சியை மட்டும் ஒரு தடவை சத்தத்தோடும் ஒரு தடவை சத்தமில்லாமலும் போடுவோமா? அம்மாவும் வருவதாகச் சொல்கிறார்.